பஞ்சாரத்துக்குள் ஒரு புல்வெளி

முளைவிட்ட கேழ்வரகுக்கு ஒரு மணம் உண்டு. மழை நின்ற மறுநாள் வரப்பில் உட்கார்ந்தால் வருமே, அந்தப் பச்சை மணம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது மார்கழிக் குளிரில், கூடத்து மூலையில், கோழிகளின் மேல் கவிழ்த்து வைக்கும் மூங்கில் பஞ்சாரத்துக்குள்ளிருந்து வந்தது. அப்படியானால் கோழிகள் எங்கே என்று கேட்பீர்கள். அவை தாழ்வாரமெங்கும் இஷ்டம்போல் எச்சமிட்டுத் திரிந்தன. பஞ்சாரம் புல்லைக் காக்கப் போய்விட்டது.

நாற்பதுகளில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் வரதராசன்பேட்டையில், பாலன் பிறந்த திருநாளுக்கு வீட்டுக்கு வீடு குடில் கட்டுவோம். வைக்கோல் கூரை, களிமண் ஆடு மாடு, மூன்று ராசாக்கள். இவற்றைச் சுற்றிப் பெத்லகேம் வயலாக நிற்பதற்குத் தகரத் தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்து வளர்ப்பது வழக்கம். பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவுக்கு இந்தப் புல்லில்தான் மானமே இருந்தது. திருநாளன்று பங்குச் சாமியார் குடில்களை மந்திரிக்க வீடு வீடாக வருவார். அவர் பின்னால் வருகிற கூட்டம் "வாத்தியார் வூட்டுப் புல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் அது போதும்.

அந்தப் புல்லுக்கு எமனாக வாய்த்தது 'சாம்பலி', என் அத்தையின் பூனை. அத்தை அப்பாவுக்கு மூத்தவர். ரங்கூனில் வாழ்ந்தவர், யுத்தத்துக்குப் பயந்து நடந்தே ஊர் திரும்பிய கூட்டத்தில் வந்து, வழியிலேயே கணவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, உடுத்திய புடவையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் அவர் யாரோடும் பேசவில்லை. பேசியதெல்லாம் வாசலில் வந்து ஒட்டிக்கொண்ட இந்தக் குட்டியோடுதான். அணைந்த அடுப்பின் சாம்பலில் படுத்துப் புரள்வதால் அதற்கு அந்தப் பெயர். அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம். "அடுப்புல பூன தூங்குற வூடுன்னு ஊர்ல சொல்ல மாட்டாங்களா?" என்பார். மூன்று வேளையும் புகைகிற அடுப்புக்கு அந்த அவப்பெயர் வரலாமா?

பஞ்சாரம் கூடத்துக்கு வந்ததற்கு முந்தைய வருஷம் சாம்பலி செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. நடுச்சாமப் பூசை முடிந்துதான் பாலனைத் தொட்டிலில் வைப்பது வழக்கம், அதுவரை தொட்டில் காலியாகவே இருக்கும். காலியான வைக்கோல் மெத்தையைப் பூனை விடுமா? தினமும் அதில்தான் தூக்கம். இறங்கும்போது ஓர் ஆட்டின் காலை உடைத்துவிட்டு, வயலையும் கொறித்துவிட்டுப் போனது. அதனால் இந்த வருஷம் அப்பா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இன்னொரு தரம் குடில் பக்கம் வந்தால் சாக்கில் கட்டி முந்திரிக்கொல்லைக்கு அப்பால் விட்டுவிடுவது. அன்றிலிருந்து அத்தை பூனையை மடியிலேயே வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினார். அந்த மடியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

குடிலைச் சுற்றிக் கருவேல முள் போட்டாயிற்று. புல்லைப் பஞ்சாரத்தால் மூடி அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றியாயிற்று. பூனையிடமிருந்து குடிலைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்தோமே தவிர, குடிலிடமிருந்து பூனையைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யுத்த காலத்தில் கண்ணால் பார்க்கவே கிடைக்காத ஜிகினா நூலை மாமா திருச்சியிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். காற்றில் அது மினுங்கி ஆடியதைப் பார்த்து நாங்களே வாய் பிளந்தோம், பூனையைக் கேட்பானேன்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால் தொங்கிய நூலில் ஒரு சாண் இல்லை. சாம்பலி அடுப்புச் சாம்பலில் முதுகைக் குவித்துக்கொண்டு கிடந்தது. கருவாட்டுத் தலையைப் போட்டோம்; முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா விளக்கெண்ணெய் கொண்டுவந்தார், வாயைத் திறக்கவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். ரங்கூனிலிருந்து வந்தபோது அழாதவர் அன்று அழுதார். நான் பயந்துபோனேன். பூனை செத்துவிட்டால் அத்தை பழையபடி பேசாமல் ஆகிவிடுவார் என்பதுதான் என் பயம்.

பொழுது சாயும் நேரத்தில் பூனை எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் பஞ்சாரத்தின் அருகே போய், மூங்கில் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. அப்பா வழக்கம்போல "சூ" என்று கையை ஓங்கினார்.

"அது திருட வரல தம்பி," என்றார் அத்தை. "வயித்துல சிக்கிக் கெடக்கறத வெளிய தள்ளப் பாக்குது."

அப்பா ஓங்கிய கையோடு அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குழவியை இறக்கி வைத்துவிட்டு, பஞ்சாரத்தைத் தாமே தூக்கினார்.

சாம்பலி மேய்ந்தது. அதற்கு வேறு சொல் கிடையாது. பெத்லகேமில் பாதி போனபோது அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கையமர்த்தினார். பிறகு அது முள் சந்து வழியாகக் குடிலுக்குள் நுழைந்து, மூன்று ராசாக்களுக்கு எதிரே நின்று, உடம்பெல்லாம் குலுங்க விக்கி விக்கிக் கக்கியது. பச்சைக் கூழுக்கு நடுவே ஜிகினா மின்னியது. அந்த ராசாக்கள் கொண்டுவந்த பொன்னைக்கூட நாங்கள் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அம்மா முகம் சுளிக்காமல் துடைத்தார்.

மறுநாள் சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்துவிட்டு, மொட்டையாகக் கிடந்த வயலைப் பார்த்தவர், "என்ன வாத்தியாரே, இந்த வருஷம் புல்லு இப்படி?" என்று கேட்டார். பின்னால் ஊரே நின்றது. வகுப்பில் சிரித்தறியாத என் அப்பா, களிமண் ஆடுகளைக் காட்டி, "ஆடு இருக்கற எடம் சாமி. மேஞ்சிருச்சுங்க," என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஜிகினா எங்கள் குடிலுக்கு வரவில்லை, காகிதப் பூதான். புல் விதைக்கும்போது அப்பா அடுப்படிக்கென்று தனியாக ஒரு தட்டும் விதைப்பார். சாம்பலி கிழமாகிப் போய்ச் சேர்ந்தது. சில வருஷம் கழித்து அத்தையும் போனார். அந்த மார்கழியில் அப்பா வழக்கம்போல அடுப்படித் தட்டை விதைத்துக்கொண்டிருந்தார். "இது யாருக்கு?" என்று அம்மா கேட்டார். அப்பா தட்டுக்குத் தண்ணீர் தெளித்தார்.

இப்போது என் மகன் வீட்டுக் குடிலில் எல்லாம் கடைச்சரக்கு. வைக்கோல் இல்லை, களிமண் ஆடு இல்லை; கேழ்வரகு மணத்தைப் பேரப்பிள்ளைகள் அறியவே மாட்டார்கள். பிளாஸ்டிக் புல் வருஷம் முழுக்கப் பெட்டியில் கிடந்தும் வாடுவதில்லை. வீட்டுப் பூனை அதை ஒரு தரம் முகர்ந்துவிட்டு, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. நான் கேழ்வரகு டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று மருமகளிடம் கேட்டேன்.