எஸ்ட்டா, மோஸ்ட்டா

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனதும் ஆங்கிலத்தில் ‘சூப்பர்லேட்டிவ்’ வந்தது. தங்கவயலில் தமிழ் வழியில் படித்துப் பிறகு பட்டமும் வாங்கியவள் நான். விதி தெரியும். சின்னச் சொல்லுக்கு ‘எஸ்ட்’, நீளமான சொல்லுக்கு முன்னால் ‘மோஸ்ட்’. தமிழில் ‘எல்லாரையும் விட’ என்று சொல்லிவிட்டால் போதும், உயரம் உயரமாகவே இருக்கும். இங்கே சொல்லே உருமாறுகிறது. ‘பிக்’ என்றால் ஒரு ‘ஜி’ கூடுகிறது. ‘ஹேப்பி’யில் ‘ஒய்’ போய் ‘ஐ’ வருகிறது. ‘குட்’ ஆளே மாறி ‘பெஸ்ட்’ ஆகிவிடுகிறது.

தெரிந்ததிலும் எனக்குச் சந்தேகம் வரும். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, வகுப்பில் அவள் அதைச் சொல்லி, எல்லாரும் சிரித்துவிட்டால்? அதனால் அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள், வைட்ஃபீல்ட் ஆபீஸில் இருக்கும் கணவருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன்.

“ஏங்க, க்ளெவருக்கு எஸ்ட்டா, மோஸ்ட்டா? சிரிக்காம சொல்லுங்க. உங்ககிட்ட மட்டுந்தான் கேக்க முடியும்.”

பதில் உடனே வரும். ‘க்ளெவரஸ்ட்’. பக்கத்தில் ஒரு கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான் தொம்மலூர் பஸ் நிறுத்தத்துக்கு அவளைக் கூட்டிவரக் கிளம்புவேன்.

அவர் ஆபீஸில் குடும்ப விழா நடந்தது. இஸ்திரி போட்ட சேலையை இரண்டு முறை மாற்றிக்கொண்டு போனேன். சாப்பாட்டு வரிசையில் அவருடன் வேலை செய்யும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானா அண்ணி? எஸ்ட்டா, மோஸ்ட்டா!”

எனக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தேன்.

“டெய்லி டீ டைம்ல உங்க வாய்ஸ்தான் எங்களுக்கு. ‘உங்ககிட்ட மட்டுந்தான் கேக்க முடியும்’னு சொல்வீங்கல்ல, செம்ம க்யூட்!”

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமாகத்தான் சிரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை. அவர் தட்டில் பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்த ஆன்ட்டிக்கு எப்டித் தெரியும்?” என்றாள் மகள்.

வண்டியில் திரும்பும்போது அவர் சொன்னார், “தமாஷுக்குத்தான்மா. எல்லாருக்கும் உன்ன ரொம்பப் புடிக்கும்.”

ஒருவேளை நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். யோசித்து முடிக்கும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரல் நினைவுக்கு வருகிறது. அதை அனுப்பும்போது அவரைச் சுற்றி எத்தனை பேர் நின்றிருந்தார்களோ.

அதற்குப் பிறகு நான் எதுவும் அனுப்பவில்லை. ஒருநாள் மாலை ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“என்ன, இப்பல்லாம் ஒண்ணும் அனுப்பறதில்ல?”

“சந்தேகம் வரலைங்க.”

கேட்டது அவரா, டீ டைமா என்று தெரியவில்லை.

மகள் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “அம்மா, ‘நேரோ’ன்னா குறுகல்தானே? அதுக்கு எஸ்ட்டா, மோஸ்ட்டா?”

அவர் உதட்டில் சிரிப்பு வந்து நின்றது. எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

“நாளைக்கு மிஸ்ஸைக் கேளும்மா.”

“கேட்டா சிரிப்பாங்களா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.