விதைக்காமல் முளைத்த மொச்சை

முளை கட்டுவதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இனி ஒருவன் பிறந்து வரவேண்டும். மூன்றாம் வகுப்போடு பலகையைத் தூக்கிப் போட்டவன்தான் நான். ஆனால் புதுக்கோட்டையில் என் பயறு மண்டிக்கு வந்து பாருங்கள். ஒரு கைப்பிடி அள்ளி மோந்தாலே போதும், முளைக்குமா உளுத்ததா என்று சொல்லிவிடுவேன். என் மருமகள் இப்போது பிளாஸ்டிக் தட்டில் கோதுமைப் புல் வளர்த்துச் சாறு பிழிகிறாள். பாசிப்பயற்றை முளை கட்டிக் கிண்ணத்தில் நீட்டுகிறாள். உடம்புக்கு நல்லதாம். எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவளை அதட்டிச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். தின்ன மட்டும் மாட்டேன். அந்த வாசனை எனக்கு ஆகாது.

எனக்கு ஏழு வயதிருக்கும். சண்டைக் காலம். அப்பா பர்மாவில் இருந்தார். ரங்கூனில் குண்டு விழுந்தது, சனங்கள் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள் என்ற சேதி வந்ததோடு சரி, அப்புறம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வீடு பெரியப்பாவின் அதிகாரத்தில் இருந்தது. என்னைப் பெற்ற ஆத்தாவும், சித்தப்பா கட்டிக்கொண்டு வந்த சின்னாத்தாவும் அவர் குரல் கேட்டால் அடுப்படிக்குள் ஒதுங்குவார்கள். சின்னாத்தாவுக்கு மணமேல்குடிப் பக்கம். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் வகையறாப் பெண்கள் அவரவர் வீட்டு இருட்டறையில் முளைப்பாரி வளர்ப்பார்கள். பாரி உயர்ந்து வந்தால் வளர்த்தவளுக்கு அந்த வருடம் குறையில்லை. அழுகினால் அவள் தாலிக்கோ வயிற்றுக்கோ கேடு. அந்த வருடம் காப்புக் கட்டிய அன்றே பெரியப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டு, பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பாரி எந்திரிச்சா அவ இருக்கட்டும். இல்லையா, வண்டியக் கட்டி அவ ஊருல விட்டுட்டு வா. ஒனக்கு வேற பாப்போம்.”

சித்தப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஆத்தாவும் சின்னாத்தாவும் ஒரே குயவரிடம் ஒரே மாதிரிப் பானைகள் வாங்கினார்கள். அடியைத் தட்டி எடுத்துவிட்டு, வைக்கோல் பிரியைக் கட்டி, கரம்பை மண்ணும் பொடித்த ஆட்டாம்புழுக்கையும் நிரப்பினார்கள். புழுக்கை பொறுக்கி வந்தது நான். அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு காய்ந்த புழுக்கை யாரும் கொண்டு வந்திருக்க முடியாது. துணியில் ஊறக்கட்டிய கம்பையும் சோளத்தையும் பாசிப்பயற்றையும் தூவினார்கள். சின்னாத்தா மட்டும் மடியை அவிழ்த்து ஒரு கை மொச்சையை எடுத்தாள். அவள் அப்பா கொடுத்துவிட்டது. பஞ்சமான அந்த நாளில் எங்கள் ஊரில் வேறு எவரிடமும் மொச்சை கிடையாது.

“எனக்கும் ரெண்டு போடு சின்னாத்தா” என்று ஆத்தாவின் பானையைக் காட்டினேன்.

“போடா பெரிய மனுசா. இது எங்க ஊரு மொச்சை. நான் போட்டாத்தான் கேக்கும். கதவச் சாத்து, வெளிச்சம் பட்டா பச்சையாயிரும்.”

முளைக்குத் தண்ணீர் கையால் தெளித்தால் போதும். ஆத்தா செம்போடு போவாள். போனவள் திரும்ப வந்து, எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி போவாள்.

“போதும்க்கா, வேரு முங்கிரும்” என்பாள் சின்னாத்தா.

“எந்தக் காட்டுல தண்ணியில்லாமக் கெடக்காகளோ” என்று சொல்லிக்கொண்டே ஆத்தா ஊற்றுவாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் இருட்டறையைத் திறந்தால் புளித்த நாற்றம். ஆத்தாவின் பானையில் முளைகள் கறுத்துச் சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் சின்னாத்தாவின் பாரி, வெளுத்த மஞ்சளில் முழ உயரம். அதற்கும் மேலே மொச்சை தடித்த கழுத்தை வளைத்து, பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. ஆத்தா தாலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்னாத்தா அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு ஆத்தாவைப் பார்த்துவிட்டு, சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் எழுந்தது ஆத்தாதான். நான் எழுந்து வாசலுக்கு ஓடியபோது மேளம் வந்துவிட்டது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆத்தாவின் தலையில் இருந்த பாரியைப் பார்த்தேன். ஊரிலேயே அதுதான் உயரம். பின்னால் சின்னாத்தா கறுத்த பாரியைச் சுமந்து நின்றாள். அழுகிய தண்ணீர் அவள் நெற்றியில் வடிந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சின்ன வயதிலேயே எனக்குக் குரல் கணீரென்று இருக்கும். வரிசைக்கு முன்னால் ஓடிக் கத்தினேன்.

“எங்காத்தா பாரியப் பாருங்க! வெதைக்காத மொச்சை மொளைச்சிருக்கு!”

கும்மி நின்றது. ஆத்தாவின் பானை ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோடி வீட்டு அத்தை அந்த மொச்சையைப் பார்த்தாள், ஆத்தாவைப் பார்த்தாள், அப்புறம் சின்னாத்தாவைப் பார்த்தாள். “ஏத்தா, ஒங்க ஊரு மொச்சைதானே அது?” என்றாள்.

பெரியப்பாவும் அங்கேதான் நின்றார். சின்னாத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் ஆத்தாவின் கழுத்துத் தாலியை வெகுநேரம் பார்த்தாள்.

“மாரியாத்தா நெனச்சா வெதைக்காததும் மொளைக்கும்க்கா” என்றாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். நான் குதித்துக்கொண்டே கண்மாய்வரை முன்னால் போனேன்.

மறுநாள் வண்டி கட்டியாயிற்று. மாட்டின் மூக்கணாங்கயிற்றைச் சரிசெய்தபடி சித்தப்பா நிமிரவே இல்லை. சின்னாத்தா ஒரு துணி மூட்டையோடு ஏறிக்கொண்டாள். ஆத்தா இருட்டறையைவிட்டு வெளியே வரவில்லை.

அப்பாவும் வரவில்லை. கால்நடையாகத் தப்பி வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, நாங்கள் விதை ஊறப்போடுவதற்கு வெகுநாள் முன்பே அவர் வழியில் காய்ச்சலில் போய்விட்டார் என்று.

அதற்கப்புறமும் நான் அந்த அதிசயத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மொச்சை என்று நான் ஆரம்பித்ததுமே ஆத்தா எழுந்து உள்ளே போய்விடுவாள். தன் பெருமையைத் தன் காதால் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டுமென்று இன்னும் உரக்கச் சொல்வேன்.