ராகுகாலத்தில் பார்த்த தொழிற்சாலைகள்

நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பின்னாளில்தான் வந்தது. அதனால் இது எந்த ஆண்டு என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. நாகர்கோவிலுக்கு இன்னும் ரயில் ஓடாத காலம். நான் ஐந்தாம் வகுப்பு. கிழமை சனி என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. வினை முழுவதும் அந்த ஒன்றரை மணி நேரத்தால் வந்ததுதான்.

அத்தையைப் பெண்பார்க்க நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்களின் பஸ் ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். ராகுகாலத்தில் அவர்கள் ஆரியசாலையில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார வைப்பதும் மரியாதை இல்லை. பெரியப்பா ஆயில் எஞ்சின் மெக்கானிக். சாலைக் கடைத்தெருவைச் சுற்றியிருந்த மில்களில் அவர் கைபடாத எஞ்சின் கிடையாது. "பத்தரை வரைக்கும் ஊரைக் காட்டிக் கூட்டிட்டு வாறேன்" என்றார்.

துணைக்கு நான். கிளம்பும்போது அம்மா என் காதைப் பிடித்துக்கொண்டு, அத்தை வேலைக்குப் போவதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்றாள். அத்தை ஓர் அச்சகத்தில் ஈய அச்செழுத்துகளைக் கோக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்களோடு நின்று வேலை பார்க்கிற பெண் என்று தெரிந்து இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன. இந்த முறை தரகரிடம் 'வீட்டோட இருக்கா' என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க எலுமிச்சைத் தோலை வைத்து அத்தையின் நகக்கண்களில் இருந்த மையைத் தேய்த்தெடுத்தாள் அம்மா.

மூன்று பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளை மின்சார வாரியத்தில் லைன்மேன் வேலை பார்ப்பவர். கூட அவருடைய அம்மா, அப்பா. அப்பா நூற்பாலை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறங்கியதும் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு புகைபோக்கியக்கூடக் காணலியே. இது ராசா ஊருல்லா, இங்க என்ன தொழில் நடக்கும்?"

பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. "வாங்க, காட்டுதேன்" என்று முன்னால் நடந்தவர், திருவனந்தபுரத்தை அன்று காலை தொழில் நகரமாக்கிவிட்டார். கொப்பரை மில், மரம் அறுக்கும் மில், பித்தளைப் பட்டறை, சோடா பாக்டரி. ஒவ்வொரு வாசலிலும் எஞ்சின் வந்த வருஷம், வந்த கப்பல், அப்போதிருந்த திவான் எல்லாம் சொன்னார். பின்னாளில் பழைய கெஜட்டியர்களை வைத்துக்கொண்டு அவற்றைச் சரிபார்த்தேன். ஒரு வருஷம்கூடத் தேறவில்லை. ஆனால் அன்று மில்காரர்கள் ஒவ்வொருவரும் பெரியப்பா சொன்னதற்குத் தலையாட்டினார்கள். எஞ்சின் நின்றுபோனால் அவரைத்தானே கூப்பிட வேண்டும்.

"இது எத்தன குதிரைசக்தி?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"எட்டு. சத்தத்த வச்சுப் பாத்தா இருவது சொல்லலாம்."

"நாம பொண்ணப் பாக்க வந்தமா, எஞ்சினப் பாக்க வந்தமா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, செருப்பைக் கழற்றிக் கல்லை உதறிக்கொண்டே.

பத்து மணி பத்து நிமிஷத்துக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபது நிமிஷம். ஊர் மானம் போகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மெஷின் அடுத்த சந்தில்தான் இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு, வாங்க!" என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஏட்டி, நில்லு! அங்க ஒண்ணும் இல்ல" என்று பெரியப்பா கத்துவதற்குள் மூன்று பேரும் என் பின்னால் வந்துவிட்டார்கள். அம்மாவின் கட்டளையை நான் மீறவில்லை. அத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை; அச்சு மெஷினைத்தான் காட்டினேன்.

பேசியவர் அச்சகத்து மலையாளி போர்மேன். "மோளே, அத்தை இன்னு வந்நில்லல்லோ! தமிழ் கோக்கான் அவள் ஒராளே உள்ளூ. நோட்டீஸ் எல்லாம் இவிடெ கிடக்குந்நு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா பெரியப்பா பக்கம் திரும்பினாள். "பொண்ணு வேலைக்கா போகுது?"

"சும்மா, பொழுது போகாம ரெண்டு நாளு..."

"ஆறு வர்ஷமாயி" என்றார் போர்மேன், உதவி செய்கிற முகத்தோடு.

மாப்பிள்ளை இதைக் காதில் வாங்கினாரா தெரியாது. அத்தை பாதியில் விட்டுப் போயிருந்த பக்கத்தின் மேல் குனிந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்த ஈய எழுத்துகளை வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. மூன்று வரிக்கு மேல் போகவில்லை.

பத்து முப்பத்தைந்துக்கு வீட்டில் நுழைந்தோம். பெரியப்பா நேரே அடுக்களைக்குப் போய், "எல்லாம் கெட்டுது. இவ கொண்டுபோய்க் காட்டிட்டா" என்றார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பலகாரத் தட்டைத் தொடவேயில்லை.

அத்தை காப்பியை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்து நின்றாள்.

"எழுத்தெல்லாம் மறிஞ்சுல்லா கெடக்கு. ஒரு பக்கம் கோக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

பெரியப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அத்தை நிமிர்ந்தாள். "எழுதினது தெளிவா இருந்தா ஒண்ணரை மணி நேரம். வக்கீல் குமாஸ்தா எழுதினதுன்னா அன்னைக்குப் பொழுது போச்சு."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் அப்பா. "எங்க மில்லு சூப்பர்வைசர் கையெழுத்துன்னா ஒரு வாரம் வேணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தாள். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. அத்தையை வேலைக்கு அனுப்ப மாமியாரைச் சம்மதிக்க வைக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதன்பின் அத்தை நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தாள்.

எனக்கு அன்று ஏமாற்றம்தான். மற்றவர்கள் வந்தபோதெல்லாம் அத்தையைப் பாடச் சொல்வார்கள், இவர்கள் சொல்லவில்லை. எழுத்துக் கோக்க எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்தேன். சமையல் தெரியுமா, எதுவரை படிப்பு, வயது என்ன என்று முன்பு வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அத்தை வாய் திறக்குமுன் பெரியப்பா பதில் சொல்லிவிட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.