அர்ச்சனைச் சீட்டில் எழுதிய சுவிஸ் பயணம்

எங்கள் வீட்டில் பனிச்சறுக்கு என்ற பேச்சை முதலில் எடுத்தவள் மருமகள். விமானத்துக்குள் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது அவளுடைய வேலை. விடியவே ரயில் பிடித்து விமான நிலையத்துக்குப் போய், நாள் முழுக்க ஊர்பேர் தெரியாத ஆட்களுக்குச் சாப்பாடு அடுக்குவாள். பின்னேரம் எங்கள் வீடு இருக்கிற லா ஷப்பலுக்குத் திரும்பி வந்து எங்களுக்குச் சமைப்பாள். என் கை தவறி ஒருமுறை கொதித்த குழம்புச் சட்டி நிலத்துக்குப் போனதிலிருந்து என்னை அடுப்பண்டை விடுவதில்லை. வெங்காயம் உரிப்பதோடு என் பங்கு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். பெப்ரவரியில் ஆறு நாள் லீவு கேட்டிருக்கிறாளாம். சுவிசில் மலைமேல் இருக்கிற ஒரு கிராமத்துக்கு மூன்று பேரும் போகிறோமாம். மகன் கறியைப் பார்த்தபடியே, உனக்குச் சறுக்கத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, அங்கே பழக்குவார்கள் என்றாள். அவன் எழும்பிப் போனபிறகுதான் எனக்கு உள்ளதைச் சொன்னாள்.

"ஆறு நாள் சட்டி பானை தொடாமல் இருக்கவேணும் மாமி. நானும் ஒருத்தருக்கும் சமைக்கிறதில்லை, ஒருத்தரும் எனக்குச் சமைச்சு வைச்சுக்கொண்டு காத்திருக்கிறதுமில்லை. கடையில வாங்கின பாணைக் கடிச்சுக்கொண்டு சும்மா மலையைப் பாக்கவேணும்."

கலியாணமாகி வந்து இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

மகன் ரூ லூயி-பிளாங் தெருவில் தனக்குத் தெரிந்த பயண முகவரிடம் போனான். கொழும்புக்கும் கனடாவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடுகிற மனிதர். சுவிஸ் என்றதும், ஆருடைய கலியாணம் என்று கேட்டாராம். கலியாணம் இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, செத்தவீடோ என்றாராம். பனிச்சறுக்கு என்றதும் கனடா டிக்கெட்டின் விலையைச் சொன்னாராம். கடைசியில் மருமகளே போனில் தேடி, மலைக் கிராமத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தாள். பழகும் வகுப்புக்கும் பெயர் கொடுத்தாள்.

இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது அவளுடைய கட்டளை. காரணம் என் மச்சாள். என் கணவரின் தங்கை. அவர் சுவிசில் இருக்கிறார். மகன் பதினெட்டு வயதில் ஊரிலிருந்து அங்கே வந்து இறங்கியபோது ஒரு குளிர்காலம் முழுக்க அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர். சுவிசுக்குள் கால் வைத்துவிட்டு அவர் வீட்டில் சாப்பிடாமல் திரும்பினால், எங்கள் ஆட்களிடையே அது மூன்று வருடம் கதைக்காமல் இருக்கப் போதுமான காரணம். அவர் வீட்டில் மட்டும் சாப்பிட்டாலும் போதாது. அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு வேறு வீடு இருக்கிறது.

நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அது கஷ்டமும் இல்லை. கடையில்கூட நான் பொருளைக் கையால் காட்டித்தான் வாங்குவேன். மருமகள் வேலையால் வந்து வீட்டு நடைவழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்து மடித்து நிமிர்வாள். அப்படித்தான் சறுக்கவேண்டுமென்று போனில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தானாம். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் பிடித்தது. பிள்ளை விழுந்து காலை உடைத்துவிடக்கூடாதே என்று அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்திலுள்ள அம்மன் கோயிலுக்குப் போனேன்.

அர்ச்சனைக்கு என்ன வேண்டுதல் என்று ஐயர் கேட்பார். அத்தனை சனத்துக்கு நடுவில் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் சீட்டிலேயே எழுதினேன். மூன்று பேரின் பெயரும் நட்சத்திரமும் எழுதி, அதற்குக் கீழே, பெப்ரவரி சுவிஸ் பனிச்சறுக்குப் பயணம் நல்லபடி நடக்க, மருமகளின் கால் முறியாமல் இருக்க, என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஐயர் ஒலிவாங்கி வைத்திருந்தார். நான் எழுதிய எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் வாசித்தார். கால் முறியாமல் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

ஞாயிறு காலையில் மச்சாளின் அழைப்பு மகனுக்கு வந்துவிட்டது. அவன் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு கூடத்தில் நடந்தான். பதினெட்டு வயதில் எப்படி நின்றிருப்பானோ அப்படி நின்றான். போனை வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் எழுதத் தொடங்கினான். மருமகள் அந்தத் தாளில் ஆறு கட்டம் கீறி, ஆறையும் வெறுமையாக விட்டிருந்தாள். அதுதான் அவளுடைய திட்டம். முதல் நாள் மச்சாள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இரண்டாம் நாள் மூத்தவன் வீடு. மூன்றாம் நாள் இளையவன் வீடு. நாலாம் நாள் எல்லாரும் இரண்டு வாகனத்தில் சட்டிகளோடு மலைக்கு வருகிறார்கள், விலாசம் பிறகு கேட்டுக்கொள்வார்கள். சுவிஸ்காரரின் சாப்பாடு எங்களுக்கு ஒத்துவராது என்று மச்சாளுக்கு ஒரே கவலையாம்.

மருமகள் தாளை வாசித்தாள். ஆர் சொன்னது என்று கேட்டாள். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, சீட்டில் எழுதியதைச் சொன்னேன்.

"வீட்டு அட்ரசையும் எழுதியிருக்கலாமே மாமி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நான் லீவைத் திருப்பிக் குடுத்திடுறன். விருந்துக்குப் போறதெண்டால் ஒரு சனி ஞாயிறே போதும்."

திங்கள் காலையில் மேலாளரிடம் சொல்லிவிடுவேன் என்று போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சமைக்கவில்லை. மகன் வெளியே போய் கொத்துரொட்டி வாங்கி வந்தான். அவனிடம், நீ கதைத்துப் பாரேன் என்றேன். அவையிட்டை எப்பிடியம்மா வேண்டாம் எண்டு சொல்லுறது என்று கொத்துரொட்டியைப் பார்த்தான். எனக்கு அவன்மேலும் பிழை சொல்லத் தோன்றவில்லை.

அவன் கையிலிருந்த போனைக் காட்டி, மச்சாளுக்கு அடித்துத் தரச்சொன்னேன். மற்றவர்கள் காதில் வைத்துவிட்டால் ஓம் என்று சொல்வேனே தவிர, நானாக ஒருவருக்கும் எடுத்தது கிடையாது. மச்சாள் என் குரலைக் கேட்டதும், ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதா என்று பதறினார்.

"ஒண்டும் நடக்கேல்லை. நான் வாறன் மச்சாள்," என்றேன். "ஆறு நாளும் உங்களோடை நிக்கிறன். அவையள் ரெண்டு பேரும் மலைக்குப் போகட்டும்."

"அப்ப பொடியன் இஞ்சை வரமாட்டானோ?"

"நான் வந்தால் வீடே வந்தமாதிரித்தானே."

அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களின் வழக்கம் அதுதான். வீட்டில் மூத்தவர் போனால் எல்லாரும் போன கணக்கு. என் மகனின் கலியாணத்துக்கு மச்சாள் தனியாக வந்து இறங்கி, அதையே சொல்லித்தான் தன் பிள்ளைகள் வராததைச் சரிக்கட்டினார். 

"அது சரி. நீங்கள் வாயே திறக்கமாட்டியளே. ஆறு நாள் என்னெண்டு போறது?"

"நீங்கள் கதையுங்கோ. நான் கேக்கிறன்."

அது அவருக்குப் பிடித்துவிட்டது.

மருமகள் லீவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சொன்னபடியே பெப்ரவரியில் போனோம். சுவிசில் ரயில் மாறுகிற இடத்தில் மச்சாளின் இளையவன் வந்து என்னை இறக்கிக்கொண்டான். அவர்கள் இருவரும் மலை ரயிலுக்குப் போனார்கள். எனக்கும் அந்தக் கிராமத்தைப் பார்க்க ஆசை இருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மருமகள் எனக்கு எடுத்தாள். பதினொரு தரம் விழுந்தாளாம், கால் முறியவில்லையாம். சத்தமாகச் சிரித்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பாணும் சீசும் என்றாள். பக்கத்தில் இருந்த மச்சாளுக்கும் அது கேட்டுவிட்டது. போனை வைத்த உடனேயே அவர் மாவை எடுத்துக் குழைத்துப் புட்டு அவித்தார். மீன்குழம்பும் கட்டிக்கொடுக்கலாம், மூத்தவன் வாகனத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்றார். இடம் கேட்க என் மகனுக்கு அடித்தார். அவன் எடுக்கவில்லை. அவனுடைய போனை மருமகள் ரயிலிலேயே வாங்கித் தன் பையில் வைத்ததை நான் பார்த்திருந்தேன்.

"அந்த ஊருக்கு என்ன பேர் மச்சாள்?" என்று என்னைக் கேட்டார்.

மாதக்கணக்காக எங்கள் வீட்டில் தினமும் சொன்ன பெயர். எனக்கு எழுதவும் வரும்.

"தெரியாது," என்றேன்.

"அவையளோடை ஒரே வீட்டிலதானே இருக்கிறியள். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"என்னோடை ஆர் கதைக்கினம்."

 மச்சாள் மலைக்கு அனுப்பவென்று அவித்த புட்டு முழுவதையும் என் தட்டில் தட்டி, குழம்பை ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அவ்வளவையும் சாப்பிட்டேன்.