வெள்ளிக்கிழமைகளில் விழுந்த கோடு

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடியறையில் இணையதளம் செய்துகொடுக்கும் தொழில் நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: "நம்ம சைட்டு ரேங்க் இன்னா?" அதைக் கேட்டாலே எனக்கு மண்டை காயும். உலகத்துத் தளங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி எண் கொடுக்கிற நிறுவனங்கள், நம் வாசலில் ஆள் போட்டு வருகிறவர்களை எண்ணுவதில்லை. எக்ஸ்டென்ஷன் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்ட கொஞ்சம் பேர் எங்கெங்கே போகிறார்கள் என்று பார்த்து, மீதி உலகமும் அப்படித்தான் போகும் என்று உத்தேசமாகக் கணக்குக் கட்டுகிறார்கள். பெரிய தளங்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும். ஆம்பூரில் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு எங்கே ஒத்துவரும்?

ஆனாலும் அந்த எண் ஒரே ஒரு முறை என் வாயை அடைத்தது.

ஆம்பூரில் தோல் கையுறை தைக்கும் சின்ன ஃபாக்டரி ஒன்று. நடத்துகிறவர் ஒரு பெண்மணி. அக்காவுக்கு அவர்கள் வீட்டு உருதுவில் ஆபா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும், நானும் அப்படித்தான். சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வருவதாக இருந்தது. வந்தால் இரண்டாவது தையல் லைன் ஓடும். வராவிட்டால் லைனை நிறுத்தி, அதில் தைக்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். வாங்குகிற கம்பெனி இணையதளத்தின் ரேங்கையும் பார்க்கும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். ஆபாவின் தளம் பாதாளத்தில் கிடந்தது.

என்னை வரச்சொன்னார். ஆபீஸ் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நிற்க, ரேங்க் போடும் லட்சணத்தை விளக்கினேன். இந்தப் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். ஆபா முழுவதையும் கேட்டுவிட்டு, மேஜையில் கிடந்த ஆட்டுத்தோலை இழுத்து விரித்தார்.

"முதுகு கெட்டியா இருக்கும், வயித்துப் பக்கம் தொளதொளன்னு இருக்கும். ஒரே தோல்தான். அவங்க சாம்பிளை எங்க வெட்டறாங்க தம்பி?"

எங்கே வெட்டுகிறார்கள் என்று அவர்கள் முழுசாகச் சொல்வதில்லை என்றேன். இத்தனை வருஷத் தொழிலில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. படங்களை மாற்றி, ஆங்கிலத்தைத் திருத்தி, தளத்தை முடிந்தவரை நன்றாகச் செய்துகொடுத்தேன்.

சில வாரங்களில் ரேங்க் ஏறத் தொடங்கியது. கொஞ்சநஞ்சமில்லை, கிடுகிடுவென்று. என் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் என் கைவண்ணம் என்று வீட்டில் பீற்றிக்கொண்டதில் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். பேச்சு நன்றாகப் போகிறது என்று ஏஜென்டும் சொன்னார்.

பிறகு ஒரு நாள் கிராஃபை நாள்வாரியாக விரித்துப் பார்த்தேன். கோடு வாரத்துக்கு ஒரு நாள் தொப்பென்று விழுந்து, மறுநாள் எழுந்து நின்றது. விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை. ஐரோப்பாவில் கையுறை தேடுகிறவன் எதற்கு வெள்ளிக்கிழமை லீவு விடுகிறான்? விடுவது ஆபாவின் ஃபாக்டரி, அதே தெருவில் இருக்கும் மற்றத் தோல் ஆபீஸ்கள். தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். என் கண்ணில் பட்டது வாங்குகிறவன் கண்ணிலும் படும். அதோடு ஆர்டரும் போகும், லைனும் போகும்.

உடனே ஆம்பூருக்குப் போனேன். ஆபாவின் ஆபீஸில் கணக்கு பார்ப்பவர் முதலில் மழுப்பினார், பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்று என் பிரசங்கத்தை நின்றபடி கேட்டவர்கள் அத்தனை பேரும் அந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் வந்ததும் பிஸ்மில்லா சொல்லி, ஆபாவின் தளத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. பக்கத்து ஆபீஸ் தோஸ்துகளுக்கும் சொல்ல, அவர்களும் போட்டுக்கொண்டார்கள். ஆபாவுக்கு எதுவும் தெரியாது. "லைன் நிக்கக் கூடாதுன்னுதான் சார்," என்று அவர் தலை குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கைவண்ணத்துக்கு அதில் பங்கே இல்லை என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது.

இரண்டு பேருமாகப் போய் ஆபாவிடம் சொன்னோம். அவர் யாரையும் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் எல்லோரும் வீட்டிலிருந்து திறந்தால் கோடு விழாது என்று கணக்கர் மெல்ல இழுத்தார். ஆபா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏஜென்டுக்கு போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"அந்த நம்பர் என் ஆளுங்க என்மேல வெச்ச பிரியம். அத காட்டி நான் சரக்கு விக்க மாட்டேன்."

இதை வாங்குகிற கம்பெனியிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லி ஏஜென்ட் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே ஆபா தெருவில் இறங்கிவிட்டார். ஒவ்வோர் ஆபீஸாக ஏறி, நன்றி சொல்லி, அந்த எக்ஸ்டென்ஷனை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கிற வேலை என்னுடையது. கடைசியாக ஒரு பெரிய கம்பெனி. அதன் முதலாளியும் இதே ஆர்டருக்குப் போட்டியில் இருந்தவர். ஏதோ ஒரு லோடு தோல் விஷயத்தில் அவருக்கும் ஆபாவுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. வாசலில் ஆபா தயங்கினார். எங்களைப் பார்த்ததும் எழுந்த கிளார்க், தன் கம்ப்யூட்டரில் அது இல்லை என்று சொல்லி, முதலாளியின் அறையைக் கை காட்டினார்.

முதலாளியின் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. நான் குனிந்து பார்த்தபோது திரையில் ஆபாவின் கையுறைப் படங்கள் திறந்தபடி இருந்தன.

"பாய், இந்த ஆர்டருக்கு நீங்களும்தானே கேட்டிருக்கீங்க?" என்றார் ஆபா. அவர்கள் உருதுவில் பேசிக்கொள்வதுதான் வழக்கம், நான் நின்றதால் தமிழில் கேட்டார்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார். "ஆமா. வராட்டி எனக்கு லாபம் கம்மி ஆவும், அவ்ளோதான். உங்களுக்கு வராட்டி லைன் நின்னுபூடும்."

யாரும் சொல்லாமலே ஆபா எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் மௌஸைப் பிடித்தபடி நின்றேன்.

ஆர்டர் அந்தப் பெரிய கம்பெனி முதலாளிக்குத்தான் போயிற்று. அவருடைய தளத்தைத் தேடிப் பார்த்தேன், எங்கள் பழைய ரேங்கைவிடவும் கீழே கிடந்தது. வாங்கினவர்கள் அதைப் பார்த்தார்களா, பார்த்தும் விட்டுவிட்டார்களா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. சில நாள் கழித்து, வெட்டிய தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அவருடைய மினி லாரி ஆபாவின் கேட்டில் வந்து நின்றது. பாதித் தையல் இங்கே என்று டிரைவர் சொன்னார். கூலி போதாது என்று ஆபா போனில் அந்த மனுஷரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கும்போதே, உள்ளே இரண்டாவது லைன் ஓடத் தொடங்கிவிட்டது.