மதினியின் குதிரைக்கு ஒரு சுழி

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் சளியோடு திரும்புவார்கள். நான் உடைந்த குதிரையோடு திரும்பினேன்.

குதிரை என் அண்ணன் மனைவியுடையது. மதினி வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் தங்கம் சேர்த்தபோது இவர் பிளாஸ்டிக் குதிரை சேர்த்தார். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும், ‘மாடல்’ என்று சொல்ல வேண்டும். குளம்பு, நரம்பு, மூக்குத் துவாரம் வரைக்கும் நிஜக் குதிரையைப் பார்த்துச் செய்தவை. அண்ணனின் குற்றாலத்து வீட்டு ஷோகேஸின் நடுத்தட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு செவலை. முதன்முதலில் வாங்கியது அதுதான். அந்த மாதிரி இப்போது எங்கேயும் செய்வதில்லையாம்.

அன்றைக்கு அருவியில் குளித்துவிட்டு நேரே அங்கே போனேன். மதினி ஷோகேஸைத் திறந்துவைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து ஓர் உதறு உதறினேன். செவலை தரைக்கு வந்துவிட்டது. பின்னங்கால் ஒடிந்து, காது நுனி எங்கோ பறந்து, விலாவில் பெயிண்ட் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

“கொழுந்தனாரே, அருவியில அடிச்ச தண்ணி பத்தலைன்னு எங்க வீட்டுக்குள்ளயும் வந்து அடிக்கியளோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். குதிரையைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“பைக்குக்குப் பெயிண்ட் அடிக்கியல்லா, இதையும் சரிபண்ணிக் கொண்டாங்க. நிக்கணும். என் குதிரையாவும் இருக்கணும். வேற குதிரையா வந்துச்சுன்னா பரண்லதான் கெடக்கும்.”

தென்காசியில் பைக் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், கவலைப்படுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடுமோ என்று கவலை. வயிற்றுக்கு அடியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். இளகியது. ஏன் வைத்தோம் என்று அடுத்த கவலை. கடைசியில் தண்ணீரில் கலக்கிற பெயிண்ட்தான் என்று முடிவு செய்தேன்.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு துண்டு நறுக்கி, காலுக்குள் செருகி ஒட்டினேன். டேங்க் நெளிவில் பூசுகிற பட்டியை வைத்துக் காதுநுனியைப் பிடித்தேன். சாரல் காற்றில் எதுவும் காய மாட்டேன் என்றது. செல்போன் நனைந்தால் அரிசிக்குள் வைப்பார்களே, அந்த யோசனையில் குதிரையை அரிசி டிரம்மில் கழுத்துவரை புதைத்தேன். மூடியைத் திறந்த மனைவி அலறிவிட்டாள்.

“சோத்துக்கு அரிசி எடுக்க வந்தா உள்ள இருந்து ரெண்டு கண்ணு மொறைக்கி! ஒங்க மதினி குதிரைக்கு அரிசி, எனக்குப் புல்லா?”

பட்டி காய்ந்து, தேய்த்து, செவலை நிறத்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது வாசுதேவநல்லூர் மாட்டு வியாபாரி ஒருவர் தன் பைக் டேங்கை வாங்க வந்தார். குதிரையைத் தூக்கி, சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் மயிர் சுழன்று நிற்பதுபோல நகத்தளவுக்கு ஒரு சுழி செதுக்கியிருந்தார்கள். அதில் அவர் விரல் நின்றது.

“தம்பி, வாங்கும்போது சுழி பாக்கலியா? இது குடும்பத்துக்கு ஆகாத சுழில்லா!”

“அண்ணாச்சி, இது பிளாஸ்டிக்கு.”

“பிளாஸ்டிக்னா என்ன? சுழி சுழிதான.”

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்று இன்றுவரை தெரியாது. டேங்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணனுக்குத் தீராத முழங்கால் வலி. அந்த வீட்டு மோட்டார் அடிக்கடி எரிகிறது. கொய்யாவைக் குரங்கு விடுவதேயில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் பிடிபட்டுவிட்டது. விரலில் துளி பட்டி எடுத்துச் சுழியை அடைத்து, மேலே செவலைப் பெயிண்டை அடித்தேன். கழுத்து புது டேங்க் மாதிரி வழுவழுவென்று வந்தது.

குற்றாலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி குதிரையை மேஜையில் நிறுத்தினார். நின்றது. மேஜையைத் தட்டினார். அப்போதும் நின்றது. காதைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார். “கலர நல்லாத்தான் கலந்திருக்கிய” என்றார். சொல்லும்போதே அவர் பெருவிரல் தானாகக் கழுத்துக்குப் போய், அங்கேயும் இங்கேயும் தேடியது.

“சுழி எங்க?”

சொன்னேன். மாட்டு வியாபாரி, மோட்டார், கொய்யா, முழங்கால், எல்லாம்.

உள்ளே கட்டிலில் இருந்து அண்ணன் குரல் வந்தது. “ஏலே, சுழி போயும் எனக்கு வலிக்கத்தாம்லே செய்யுது!”

மதினி சிரிக்கவில்லை. “வெளிநாட்டுல, அங்கன ரூம்ல பேச்சுத்துணைக்கு ஆள் கெடையாது. டூட்டிக்குக் கெளம்பும்போது இதுல விரல வச்சு, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் கதவப் பூட்டுவேன். விரல் வைக்க எடமில்லாம இது எப்பிடி என் குதிர?”

பரண் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. ஓர் ஊக்கு கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டியைச் சுரண்டினேன். பழைய சுழியின் வரிகளும் அதோடு உதிர்ந்துவிட்டதால் ஊக்கு நுனியால் புதிதாகக் கீறினேன். மதினி கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் விரலை வைத்து வழி சொன்னார். “இன்னும் கீழ. ஆழம் பத்தாது. இப்பம் சரி.” சுரண்டிய இடத்துக்குக் கையோடு கொண்டுபோயிருந்த செவலைப் பெயிண்டைத் தொட்டு வைத்தேன். காய்ந்த பிறகுதான் கவனித்தேன், பழைய சுழி இடப்பக்கம் சுற்றும். நான் போட்டது வலஞ்சுழி.

மதினி மறுபடி கண்ணை மூடி விரலை வைத்தார். நான் பரணைப் பார்த்தேன்.

“திரும்பிச் சுத்துது” என்றார். விரலை எடுக்கவில்லை. “போவட்டும். விரல் நிக்கி.”

செவலை நடுத்தட்டுக்கே போனது, பழையபடி எல்லாவற்றுக்கும் முன்னால்.

அடுத்த தடவை குளித்துவிட்டுப் போனபோது வாசல் நிலைக்கு வெளியே புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது. “கொழுந்தனாரே, துண்டு அங்கன, நீங்க இங்கன” என்றார் மதினி. துண்டை மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஈரத்துண்டின் கனத்தை அந்த ஆணி தாங்குமா என்றுதான் யோசனையாக இருந்தது.