இரவல் மூச்சு

என் மூத்த சகோதரரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாங்கிய வேன் ஊதினால்தான் ஓடும் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. ஜப்பானில் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஓடி, கைமாறி, எங்கள் ஊரான கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்த வேன் அது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கையடக்கத் தொலைபேசி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய். சாரதி அதில் ஊத வேண்டும். மூச்சில் மது இல்லையென்றால் பச்சை லைட் எரியும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். இருந்தால் சிவப்பு எரியும், வேன் அசையாது.

வேன் வந்த அன்று பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் பாதி ஊர் காக்காவின் வாசலில் நின்றது. “குடியே இல்லாத ஊருக்கு இது என்னத்துக்கு?” என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் ஊதிப் பார்த்தார்கள். பச்சை வந்தவர்கள் சுவர்க்கத்துக்கு டிக்கெட் கிடைத்த மாதிரி இறங்கிப் போனார்கள். இருமல் மருந்து குடித்துவிட்டு வந்து ஊதிய ஒரு கடைக்காரருக்குச் சிவப்பு எரிந்துவிட்டது. பாவம், மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மஃரிப் தொழுகை வரைக்கும் போவோர் வருவோருக்கெல்லாம் லேபலைக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். மது ஆவி பட்டால் உள்ளே இருக்கும் சிறு தகட்டில் மின்சாரம் பிறக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. முகம் பார்க்காது, பரம்பரை விசாரிக்காது. கண்டுபிடித்ததை யாரிடமும் போய்க் கதைக்கவும் மாட்டாது. இப்படி ஒரு மனிதனை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை.

குடியே இல்லாத ஊர் என்று சொன்னார்கள் அல்லவா? காக்கா குடிப்பார். எங்கள் உம்மாவுக்குத் தெரியும், காக்காவின் மனைவிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறந்ததில்லை. அவர் முகம் வீங்கி எழும்பினால் “காய்ச்சல்” என்போம். அடுத்தவரின் குறையை மறைப்பது நன்மை என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் படித்ததை, நாங்கள் இந்த ஒரு விசயத்தில் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தோம்.

வேன் வந்து இரண்டு மாதமிருக்கும். ஒருநாள் விடியற்காலை காக்கா போனில் கோல் எடுத்தார். “தம்பி, கொஞ்சம் வந்திட்டுப் போ.” போனேன். வேனில் சிவப்பு லைட். அக்கரைப்பற்றுக்கு ஒரு ஹயர் ஓட்டம், ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர் குழாயை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி ஊதினேன். பச்சை எரிந்தது. அவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வந்துவிட்டார் என்று தெரியும் வரை, என் சுத்தமான மூச்சை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

பிறகு நோன்பு வந்தது. முப்பது நாளும் பச்சை. காக்காவின் முகமே தெளிந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பினேன், நம்ப விரும்பினேன்.

பெருநாளுக்கு அடுத்த நாள் சாகாமக் குளத்துக்குப் போவதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணி. புரியாணிச் சட்டி ஏற்றியாகிவிட்டது. பின்னால் உம்மா, என் மனைவி, காக்காவின் மனைவி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர். நான் முன் சீட்டில். காக்கா குளித்து, அத்தர் பூசி, புதுச் சாரன் உடுத்து வந்து ஏறி ஊதினார். சிவப்பு. முதல் நாள் இரவு குடித்தது காலை ஒன்பது மணிக்குள் மூச்சை விட்டுப் போய்விடும் என்று நினைத்திருப்பார் போல.

திரும்பவும் ஊதினார். சிவப்புதான். காக்கா என்னைப் பார்க்காமலே குழாயை என் பக்கம் நீட்டினார்.

வாங்கினேன். வாயில் வைத்தேன். பின்னால் என் சின்ன மகள் சட்டியிலிருந்து முட்டை எடுக்கலாமா என்று யாரிடமோ கேட்டாள். என்னால் ஊத முடியவில்லை.

“காக்கா, நீங்க குடிச்சிரிக்கீங்க,” என்றேன்.

அவருக்கு முன்னால் நான் சத்தமாகக் கூடப் பேசியதில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். “இருமல் மருந்து” என்று சொல்வார், நாங்களும் தலையாட்டுவோம் என்றும் நினைத்தேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேன் சாவியைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“ஓம்,” என்றார். “குடிச்சித்தான் இரிக்கன்.”

அத்தனை பேர் கேட்க, பெற்ற உம்மா கேட்க, அவர் அதைச் சொன்னார். பெட்டியைப் பார்த்து நான் கொண்ட மலைப்பெல்லாம் அந்தப் பேச்சுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

இருபது வருடமாக அவருடைய காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்த காக்காவின் மனைவி, பின் சீட்டிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்:

“அல்ஹம்துலில்லாஹ்.”